‘சிஸ்டர்’ ஆன முதல் வருடம்

நான்கு ஆண்டு படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே தடுமாறுவது ஏன்? புதிய செவிலியர்களுக்காக மருத்துவமனைகள் செய்ய வேண்டியது என்ன?

நர்சிங் மாணவிக்கு வார்டு போஸ்டிங்கில் ஒன்றிரண்டு நோயாளிகளைத்தான் ஒதுக்குவார்கள். அவர்களிடம் பேசி, நோயின் வரலாற்றைக் கேட்டு, கேர் பிளான் எழுதி, ரெக்கார்டு நோட்டை முடித்துக் கொடுத்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. ஊசி போடும்போது டியூட்டர் பக்கத்தில் நிற்பார். நரம்பு கிடைக்கவில்லை என்றால் வார்டு சிஸ்டர் வந்து போட்டுக் கொடுத்துவிடுவார். வேறு ஏதாவது கோளாறு என்றாலும் “ஸ்டூடண்ட்தானே” என்று சொல்ல யாராவது இருப்பார்கள்.

தேர்வு முடிகிறது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு எண் கிடைக்கிறது. அதே மாதிரி ஒரு வார்டு, அதே மாதிரி கட்டில்கள். ஆனால் இப்போது ஒரு நோயாளிக்கு டிரிப்ஸ் முடியப்போகிறது, இன்னொருவரை உடனே தியேட்டருக்கு அனுப்பச் சொல்கிறார்கள், மூன்றாமவரின் ரத்த மாதிரி இன்னும் லேபுக்குப் போகவில்லை, நான்காமவரின் மகன் “டாக்டர் எப்ப வருவார்?” என்று ஐந்தாவது முறையாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். கேஸ் ஷீட்டில் மருந்து கொடுத்த நேரத்துக்கு நேரே போடுகிற கையெழுத்துக்கும் அவர் ஒருவரே பொறுப்பு.

தேர்ச்சி பெற்ற மாணவி பொறுப்பேற்கும் செவிலியராக மாறுவதற்கு யார் உதவுகிறார்கள்? பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடைக்கும் பதில், “போகப் போகப் பழகிடும்” என்பதுதான். பழகத்தான் செய்கிறது. அதற்குள் எத்தனை பேர் அழுகிறார்கள், எத்தனை பேர் ராஜினாமா கடிதம் எழுதுகிறார்கள், எத்தனை தவறுகள் மயிரிழையில் தப்புகின்றன என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அரை நூற்றாண்டாகத் தெரிந்த விஷயம்

இந்தத் தடுமாற்றம் இன்றைய தலைமுறையின் பலவீனம் என்று நினைக்கிற மூத்தவர்கள் உண்டு. “எங்க காலத்துல இப்படியா?” என்பார்கள். அவர்கள் காலத்திலும் இப்படித்தான் இருந்தது. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கல்லூரி கற்றுக்கொடுத்த நர்சிங்குக்கும் வார்டில் நடக்கும் நர்சிங்குக்கும் உள்ள இடைவெளியில் விழுகிறவர்களின் நிலையை ‘ரியாலிட்டி ஷாக்’ என்றார். முதலில் எல்லாமே நன்றாகத் தெரியும் தேனிலவுக் காலம், அடுத்து அதிர்ச்சி, பிறகு மெல்லத் தேறுதல், கடைசியில் ஒரு தெளிவு என்று நான்கு கட்டங்களை அவர் பிரித்துக் காட்டினார். அதிர்ச்சிக் கட்டத்தில் கைபிடிக்க ஆளில்லாதவர்கள் தொழிலையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் விடுத்த எச்சரிக்கை.

அமெரிக்காவின் டென்வர் வட்டாரத்தில் ஆறு மருத்துவமனைகளில் புதிய செவிலியர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2004-ல் வெளியானது. வேலையில் நிம்மதியும் தன்னம்பிக்கையும் வருவதற்குக் குறைந்தது 12 மாதங்கள் ஆகின்றன என்று அது சொன்னது. கனடாவின் நர்சிங் ஆய்வாளர் ஜூடி டச்சர் அந்த ஓராண்டை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். முதல் மூன்று நான்கு மாதங்கள், சொன்ன வேலையை எப்படியாவது முடிப்பதிலேயே போய்விடுகின்றன. அடுத்த நான்கைந்து மாதங்களில்தான் கேள்விகள் எழுகின்றன. ‘இந்த வேலைக்கு நான் லாயக்கா? இப்படித்தான் வேலை செய்ய வேண்டுமா?’ ஆண்டு முடிவில்தான் கால் ஊன்றுகிறது.

நம் ஊர் நடைமுறையை இதோடு பொருத்திப் பாருங்கள். தனியார் மருத்துவமனைகளில் ‘இண்டக்‌ஷன்’ என்ற பெயரில் சில நாள் வகுப்பு நடக்கும். தீயணைப்பு, கை கழுவுதல், மருத்துவக் கழிவுகளைப் பிரிக்கும் வண்ணப் பைகள், கம்ப்யூட்டர் மென்பொருள். பிறகு சில வாரம் ஒரு சீனியருடன் ஒட்டிக்கொண்டு வேலை. அதோடு சரி. அரசு மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை இருக்கும் இடங்களில் அதுவும் சுருங்கிவிடும். ஆக, உதவி கிடைப்பது முதல் மாதத்தில். புதியவர் உள்ளுக்குள் உடைவது ஆறாவது மாத வாக்கில். அதற்குள் அவர் பெயர் தனியாக நைட் டியூட்டி பட்டியலில் ஏறியிருக்கும். கேள்வி கேட்டால், “இன்னுமா இது தெரியல?” என்ற பார்வை வரும்.

பாடம் தெரியும், வரிசை தெரியாது

புதியவர்களுக்கு அறிவு போதவில்லை என்பது பொதுவான குற்றச்சாட்டு. அருகில் இருந்து பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கதீட்டர் போடத் தெரியும், டிரெஸ்ஸிங் செய்யத் தெரியும், மருந்துகளின் பக்க விளைவுகளும் தெரியும். இப்படி நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் வந்தால் எது முதலில், எது பத்து நிமிடம் பொறுக்கும், எதை உதவியாளரிடம் கொடுக்கலாம் என்பதுதான் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நோயாளிகளை முழுமையாகக் கவனிக்கப் பழகியவரிடம் ஆறு பேரை அரைகுறை நேரத்தில் பாதுகாப்பாகக் கவனிக்கச் சொல்கிறோம். இந்த வித்தையைத் தேர்வுத் தாளில் எழுதிப் பழக முடியாது.

இரண்டாவது சிக்கல், புத்தகத்தில் இல்லாத சின்னச் சின்ன உண்மைகள். இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும் உண்டு, 100 யூனிட் உள்ளவையும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 10 யூனிட் அல்ல, 25 யூனிட். நோயாளியின் சர்க்கரை அபாயமான அளவுக்குச் சரிய அது போதும். கணக்கு எளிதுதான். விளக்கு மங்கலான அறையில், பின்னால் ஒருவர் “சிஸ்டர்... சிஸ்டர்...” என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்கிற கணக்கு எளிதல்ல. பொட்டாசியம் குளோரைடு, ஹெப்பாரின் போன்ற மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை தேவை. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துத் தவறுகளைக் குறைக்கத் தனி இயக்கம் தொடங்கியபோது, இப்படிப்பட்ட அதிக அபாய மருந்துகள் அதன் முக்கியக் கவனத்தில் இருந்தன. புதியவர் இவற்றைக் கொடுக்கும்போது இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதை வார்டின் விதியாகவே வைக்கலாம்.

மூன்றாவது, இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்புவது. மாணவப் பருவத்தில் ஒருமுறைகூடச் செய்திராத வேலை இது. ஃபோன் செய்தால், “இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?” என்று திட்டு விழுமோ என்ற பயம். செய்யாவிட்டால், காலையில் “ஏன் இன்ஃபார்ம் பண்ணல?” என்ற விசாரணை. நடுவில் அரை மணி நேரம் தயங்கியே கழிகிறது. நோயாளிக்கு அந்த அரை மணி நேரம் விலைமதிப்பற்றது.

இதற்கு உலகெங்கும் பயன்படும் எளிய கருவிகள் இருக்கின்றன. ஒன்று, ‘ஐஸ்பார்’ எனப்படும் பேச்சு வரிசை. நான் யார், எந்த நோயாளி. இப்போது என்ன நடக்கிறது. அவருடைய பின்னணி என்ன. நான் என்ன நினைக்கிறேன். உங்களிடம் என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறையின் விரிவாக்கம் இது. ‘நான் என்ன நினைக்கிறேன்’ என்ற இடத்தில்தான் நம் புதியவர்கள் நின்றுவிடுகிறார்கள். பள்ளியிலிருந்து கல்லூரி வரை பெரியவர்கள் முன்னால் அபிப்பிராயம் சொல்லிப் பழக்கமில்லை. எனவே இதைத் தாளில் கொடுத்தால் போதாது, வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும்.

இன்னொன்று, பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய ‘நியூஸ்’ மதிப்பெண் முறை. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், காய்ச்சல், நினைவு நிலை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால் அதற்கு மட்டுமே 3. மொத்தம் 5-ஐத் தொட்டால் மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7-ஐ எட்டினால் அது உச்சக்கட்ட அவசரம். “ஏதோ சரியில்லைன்னு தோணுது சார்” என்பதைவிட “ஸ்கோர் ஏழு சார்” என்று சொல்வது புதியவருக்குச் சுலபம். தைரியம் வருவதற்கு முன்பே பேசும் உரிமையை அந்த எண் அவருக்குக் கொடுத்துவிடுகிறது.

கற்றுக்கொடுக்க யார் சரியான ஆள்?

மூத்தவர்களிடம் விட்டால் போதும் என்று மருத்துவமனைகள் நினைக்கின்றன. இருபது வருடச் சர்வீஸ் உள்ள இன்சார்ஜ் சிஸ்டர் வார்டுக்குள் நுழையும்போதே, “அந்த மூணாம் கட்டிலைக் கவனிங்க, ஆள் சரியில்ல” என்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், “பார்த்தாலே தெரியும்மா” என்று பதில் வரும். அவர் சொல்வது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு புதியவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

அமெரிக்க நர்சிங் அறிஞர் பேட்ரிசியா பென்னர் 1984-ல் வெளியிட்ட நூலில் இதற்கான விளக்கம் இருக்கிறது. விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்த டிரைஃபஸ் சகோதரர்களின் கோட்பாட்டை எடுத்து, செவிலியர் வளர்ச்சியை ஐந்து படிகளாக அவர் வகுத்தார். தொடக்க நிலையினர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நிபுணர் விதிகளைக் கடந்துவிடுகிறார். முழுச் சூழலையும் ஒரே பார்வையில் உணர்கிறார். அதனாலேயே படிப்படியாகப் பிரித்துச் சொல்வது அவருக்குக் கடினமாகிறது. ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்தவர்கள் ‘திறன் பெற்றவர்’ என்ற நடுப்படியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விதியும் நினைவிருக்கிறது, தாங்கள் பட்ட பாடும் மறக்கவில்லை.

அப்படியானால் புதியவரின் அன்றாட வழிகாட்டியாக அந்த நடுப்படியில் இருப்பவரைப் போடுவதே புத்திசாலித்தனம். மூத்த சிஸ்டர் சிக்கலான நேரத்தில் கைகொடுக்கட்டும். வழிகாட்டிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது, எப்படித் திருத்துவது என்று பயிற்சி தர வேண்டும். அவருக்கு ஒதுக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். எட்டு நோயாளிகளையும் கொடுத்து, கூடவே ஒரு புதியவரையும் ஒப்படைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். நோயாளிக்கும் உறவினருக்கும் முன்னால் திட்டுவது, வேண்டுமென்றே தகவலைச் சொல்லாமல் விடுவது, பண்டிகை நாள் டியூட்டியைத் தொடர்ந்து ஜூனியர் தலையிலேயே கட்டுவது எல்லாம் இந்த எரிச்சலின் வாரிசுகள். “நாங்களும் இப்படித்தான் பட்டோம்” என்பது அதற்கு நியாயமாகாது.

தவறு நடந்த மறுநாள்

முதல் ஆண்டில் தவறே நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நடந்த பிறகு வார்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவத் தவறால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி என்றால், இரண்டாவதாகப் பாதிக்கப்படுபவர் அந்தத் தவறைச் செய்த ஊழியர் என்று சுட்டிக்காட்டினார். தூக்கம் போகிறது, கை நடுங்குகிறது, அடுத்த ஊசியை எடுக்கவே மனம் கூசுகிறது. மெமோ கொடுத்து, சம்பளத்தில் பிடித்து, எல்லோர் முன்பும் நிறுத்திக் கேள்வி கேட்டால் அந்த வார்டில் அடுத்த தவறை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். மறைக்கப்பட்ட தவறிலிருந்து யாருக்கும் பாடம் கிடைக்காது.

ஊசி குத்துக் காயம் இதற்குச் சரியான உதாரணம். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே தகவல் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதிகபட்சம் 72 மணி நேரம். திட்டுக்குப் பயந்து மறைக்கும் புதியவர் இழப்பது இந்தப் பொன்னான நேரத்தைத்தான்.

வெளியே என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 2002-ல், மருத்துவமனைகளின் கூட்டமைப்பும் நர்சிங் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து ஓராண்டு ‘நர்ஸ் ரெசிடென்சி’ திட்டத்தைத் தொடங்கின. மருத்துவர்களுக்கு இருப்பதுபோலச் செவிலியர்களுக்கும் வேலையோடு சேர்ந்த வழிகாட்டல், இடையிடையே சக புதியவர்களோடு கருத்தரங்கு. ஸ்காட்லாந்து 2006-ல் ‘ஃப்ளையிங் ஸ்டார்ட்’ என்ற பெயரில் புதியவர்களுக்கான தேசியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 2022-ல், புதிய செவிலியருக்குப் பெயர் குறிப்பிட்ட வழிகாட்டியும் அதற்கென்று ஒதுக்கிய நேரமும் வேண்டும் என்று தேசிய அளவில் சட்டகம் வகுத்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம். மூன்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று: உதவி என்பது வார்டில் உள்ள ஒரு நல்ல அக்காவின் கருணையாக இல்லாமல், நிர்வாகம் எழுதி வைத்த கடமையாக இருக்கிறது.

நமக்கும் மரபு இல்லாமல் இல்லை. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கட்டர் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பு வந்தது. நாட்டிலேயே முதல் பட்டப்படிப்புகளில் அதுவும் ஒன்று. வகுப்பில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே வார்டிலும் பொறுப்பு வகிப்பது அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) வழக்கம். கல்லூரி ஒரு மாதிரியும் வார்டு வேறு மாதிரியும் சொல்லும் குழப்பம் அப்படிப்பட்ட இடத்தில் குறையும். 2021-ல் இந்திய நர்சிங் கவுன்சில் திருத்திய பாடத்திட்டம் பி.எஸ்சி. நர்சிங்கைச் செமஸ்டர் முறைக்கு மாற்றி, கடைசிப் பருவத்தில் இன்டர்ன்ஷிப்பை வைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் இன்டர்ன்ஷிப்பில் இருப்பவரும் மாணவர்தான். பதிவு எண்ணும் முழுப் பொறுப்பும் வந்த பிறகான முதல் வருடத்தைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

விஷச் சுழல்

யோசிக்காமல் இருப்பதற்குக் காரணம் பணமும் ஆள் கணக்கும். பொது வார்டில் ஆறு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவுகோல். இரவில் ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்ப்பது நம் அரசு மருத்துவமனைகளில் ஆச்சரியமான காட்சியல்ல. அந்த இடத்தில் புதியவரை ‘கூடுதல் ஆளாக’ வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

சம்பளம் இன்னொரு காயம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-ல் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த செவிலியர்கள், 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் நடத்திய போராட்டம் மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. தனியார் துறைக்காக உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவை அடுத்து அமைந்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. பல ஊர்களில் சம்பளச் சீட்டு வேறு கதை சொல்கிறது.

“எப்படியும் ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் வாங்கிட்டு வெளிநாடு போயிடுவாங்க. இவங்களுக்கு எதுக்குச் செலவு பண்ணணும்?” என்பது நிர்வாகத்தின் கணக்கு. “நம்மைக் கண்டுகொள்ளாத இடத்தில் எதுக்கு இருக்கணும்?” என்பது புதியவரின் கணக்கு. ஒன்றை ஒன்று நியாயப்படுத்திக்கொண்டு இரண்டும் சுற்றுகின்றன. பாண்டு எழுதி வாங்குவதும், அசல் சான்றிதழைப் பீரோவில் பூட்டுவதும் ஆளைத்தான் பிடித்து வைக்கும். மனம் வெளியேறிய ஆளை வைத்து வார்டு நடத்துவது நோயாளிக்கு நல்லதல்ல.

எங்கிருந்து தொடங்கலாம்?

மருத்துவமனைகளுக்கு: ஒவ்வொரு புதியவருக்கும் ஓராண்டுக்கு ஒரு வழிகாட்டியின் பெயரை டியூட்டி ரோஸ்டரிலேயே அச்சிடுங்கள். முதல் சில வாரங்கள் புதியவரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். நோயாளிகளை இரண்டு, நான்கு, ஆறு என்று கூட்டிக்கொண்டே போங்கள். முதல் மூன்று மாதம் தனியாக இரவு டியூட்டி வேண்டாம். இரண்டாவது வாரத்தில் பேசுவதைவிட ஆறாவது மாதத்தில் உட்கார்ந்து பேசுவது முக்கியம். மாதம் ஒருமுறை புதியவர்கள் மட்டும் கூடி, தப்பித்த தவறுகளைப் பயமில்லாமல் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உறவினர்களின் தாக்குதலுக்கு எதிராக 2008-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதையும், புகாரை யாரிடம் கொடுப்பது என்பதையும் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புதிய செவிலியர்களுக்கு: டியூட்டி தொடங்கும்போது ஒரு தாளில் கட்டில் எண்களை எழுதி, யாருக்கு எத்தனை மணிக்கு என்ன என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டோவரைக் கட்டிலருகே, நோயாளியைப் பார்த்துக்கொண்டே வாங்குங்கள். மூச்சை உண்மையாகவே எண்ணுங்கள். சார்ட்டில் வழக்கம்போல 20 என்று எழுதிவிடாதீர்கள். தெரியாததைக் கேட்பது உங்கள் பதிவு எண்ணுக்கு நீங்கள் தரும் மரியாதை. கொடுக்காத மருந்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், யார் சொன்னாலும்.

வீட்டாருக்கு: இரவு முழுக்க நின்ற பெண்ணைப் பகலில் விருந்தாளி வந்திருக்கிறார் என்று எழுப்பாதீர்கள். “படிச்ச படிப்புக்கு இதெல்லாம் கஷ்டமா?” என்று கேட்பதற்கு முன், நேற்று வார்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நர்சிங் படித்த ஆண்கள், வார்டில் ‘பிரதர்’ ஆனவர்கள், வீட்டில் இதைச் சொல்லவும் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்கும் இதே காதுகள் வேண்டும்.

அரசுக்கு: 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையத்துக்கான சட்டம் வந்துவிட்டது. தொழிலுக்கான விதிகள் புதிதாக எழுதப்படும் இந்தக் காலத்தில், முதல் ஆண்டு வழிகாட்டலையும் ஒரு விதியாக எழுதச் சொல்லி மாநிலம் குரல் கொடுக்கலாம். அதற்குக் காத்திருக்காமல் ஒரே ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இதைத் தொடங்கி, ஓராண்டில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை தவறுகள் முன்கூட்டியே வெளியே வந்தன என்று கணக்கெடுக்கலாம்.

இதில் கட்டடம் கட்ட வேண்டியதில்லை, வெளிநாட்டு இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதல் ஆள், வழிகாட்டிக்குக் கொஞ்சம் நேரம், ரோஸ்டரில் ஒரு பெயர். பயிற்சி கொடுத்து முடிந்த நேரத்தில் செவிலியர் விலகிப்போனால், அந்த இடத்துக்கு மறுபடி ஆள் தேடி, மறுபடி பழக்கி, நடுவில் ஆளில்லாத டியூட்டிகளை மற்றவர்கள் தலையில் சுமத்துவதற்கு ஆகும் செலவு இதைவிட அதிகம். அடுத்த மாத டியூட்டி ரோஸ்டர் போடும்போது நர்சிங் சூப்பிரண்டெண்ட் புதியவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதினால் போதும். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.